எந்தக் கம்பெனி பேபிளேடு நல்லது?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பேபிளேடுதான். என் அண்ணன் பையனுக்குப் பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா ஹாஸ்ப்ரோ கம்பெனியின் பம்பரம் வாங்கி வந்தார். எதிர்வீட்டுப் பையனுக்கு சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பா டக்காரா டோமி பம்பரம் அனுப்பினார். என் மகனிடம் இருப்பது, மாங்கனித் திருவிழாக் கடையில் தாத்தா வாங்கிக் கொடுத்தது. சுற்றிவிட்ட சில நொடிகளில் அவனுடையது சிதறிவிடுகிறது. ‘உன்னோடது டூப்ளிகேட்’ என்று மற்ற இருவரும் கேலி செய்ய, அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறான். அந்த இருவருக்குள்ளும் ‘எங்க கம்பெனிதான் ஒரிஜினல்’ என்று ஓயாத சண்டை. உண்மையில் எது நல்லது? காசு போட்டு வாங்கித் தரலாமா, மரப் பம்பரம் போதும் என்று சொல்லிவிடலாமா?
— வாசகி, காரைக்கால்

பதில்: உங்கள் அண்ணன் பையன், எதிர்வீட்டுப் பையன் இருவர் கையில் இருப்பதுமே ஒரிஜினல்தான். அந்தச் சண்டையை இன்றே தீர்த்து வைத்துவிடலாம். உங்கள் மகனின் பம்பரத்தைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பேபிளேடை 1999-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது டக்காரா நிறுவனம். 2006-இல் அது டோமி நிறுவனத்தோடு இணைந்து டக்காரா டோமி ஆனது. ஜப்பானிலும் சிங்கப்பூர் போன்ற ஆசிய நாடுகள் பலவற்றிலும் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே பம்பரத்தை உரிமம் பெற்று விற்பது அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ. பாரிஸ் உறவும் சிங்கப்பூர் உறவும் ஒரே தெருவில் இருக்கும் காரைக்காலில் இரண்டும் ஒரே திண்ணையில் வந்து மோதிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

கம்பெனியை ஒப்பிடும் முன், மூன்றும் எந்தத் தலைமுறைப் பம்பரம் என்று பாருங்கள். ஜப்பானில் 2008-இல் வந்தது மெட்டல் வகை. கனமான உலோக வளையம் உள்ளது. 2015-இல் வந்தது பர்ஸ்ட். பலமாக அடிபட்டால் துண்டு துண்டாகக் கழன்று சிதறும், அப்படிச் சிதறினால் தோல்வி. 2023-இல் வந்தது எக்ஸ். இதன் அடிமுனையைச் சுற்றிப் பல்சக்கரம் போலச் சின்னப் பற்கள் இருக்கும். ஒரு தலைமுறைப் பம்பரத்தை இன்னொன்றோடு மோத விடக் கூடாது. உலோக வளையம் பிளாஸ்டிக் பம்பரத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். அங்கே யார் ஜெயித்தாலும் அது ஆட்டம் ஆகாது.

இனி இரண்டு கம்பெனிகளுக்கும் உள்ள வித்தியாசம். மெட்டல் வகையில் பெரிய பேதம் கிடையாது. பர்ஸ்ட் வகையில் பேதம் உண்மையாகவே இருந்தது. ஜப்பான் பம்பரங்களில் எடை கூடிக்கொண்டே போனது. சோ-ஸெட் வரிசையில் மேல் அடுக்கிலேயே உலோகம் வைத்தார்கள். ஹாஸ்ப்ரோ தன் பதிப்புகளைப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கிலேயே செய்தது. ஸ்லிங்ஷாக் போன்ற வரிசைகளில், பம்பரங்கள் மோதும் தட்டான ஸ்டேடியத்தையும் முனையையும்கூட மாற்றி அமைத்தது. எடை, குறிப்பாக விளிம்பில் இருக்கும் எடை, பம்பரத்தின் உயிர். விளிம்பு கனத்தால் சுழற்சி எளிதில் அடங்காது, மோதும்போது அடியும் பலமாக விழும். அதனால் பர்ஸ்ட் வகையில் டக்காரா டோமியோடு ஹாஸ்ப்ரோவை மோத விட்டால் பெரும்பாலும் ஜப்பான் பம்பரம்தான் நிற்கும். அது கையில் இருப்பவனின் திறமையால் வந்த வெற்றி அல்ல.

எக்ஸ் வகையில் நிலைமை மாறிவிட்டது. இரண்டு கம்பெனிகளின் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மாறியிருப்பது பெரும்பாலும் பெயரும் நிறமும் பெட்டியும்தான். ஜப்பானில் ‘டிரான் சோர்ட்’ என்று விற்பது ஹாஸ்ப்ரோ பெட்டியில் ‘சோர்ட் டிரான்’. எக்ஸ் பம்பரத்துக்கு மூன்று பாகங்கள். மேலே உலோகம் பதித்த பிளேடு, நடுவில் ராட்செட், அடியில் பிட். பெயரின் கடைசியில் வரும் 3-60 என்பது ராட்செட்டைக் குறிக்கிறது: 3 பக்க அமைப்பு, 60 என்ற உயர அளவு. ஸ்டேடியத்தின் ஓரத்தில் பல்வெட்டு உள்ள தண்டவாளம் ஓடுகிறது. பிட்டின் பற்கள் அதில் மாட்டியதும் பம்பரம் தண்டவாளத்தைப் பிடித்து ஓடி, சட்டென்று வேகம் எடுத்துப் பாயும். புள்ளிக் கணக்கும் எளிது. எதிரியின் பம்பரம் முதலில் நின்றால் 1 புள்ளி. ஓரக் குழியில் தள்ளினாலோ, சிதறடித்தாலோ 2. அந்த ஓரக் குழிகளுக்கு நடுவில் உள்ள எக்ஸ்ட்ரீம் பகுதியில் தள்ளினால் 3. 4 புள்ளி எடுத்தவர் வென்றவர்.

ஆகவே அந்த இரண்டு பையன்களின் பம்பரமும் எக்ஸ் வகையாக இருந்தால், எது உசத்தி என்ற கேள்விக்கே இடம் இல்லை. சந்தேகம் தீர ஒரு சோதனை சொல்கிறேன். சமையலறையில் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் எடை போடுங்கள். டிரான் சோர்ட் போன்ற பம்பரம் 40 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். பிறகு பம்பரத்தைச் சுழற்றிவிடும் லாஞ்சர் ஒன்றையே வைத்து இரண்டு பையன்களும் மாறி மாறி, பம்பரத்தையும் மாற்றிக்கொண்டு, பத்து ஆட்டம் விடட்டும். வெற்றி பம்பரத்தோடு போகிறதா, பையனோடு போகிறதா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பல்வெட்டுப் பட்டையை வெட்டி இழுக்கும் கையும், ஸ்டேடியத்துக்கு மேலே பிடிக்கும் சாய்வும், தாக்கும் பம்பரமா தாங்கும் பம்பரமா என்ற தேர்வும் ஆட்டத்தின் பாதி. நம் பிள்ளைகள் ஆக்கர் ஆடியபோது சாட்டையைச் சுற்றுவதிலும், வட்டத்துக்குள் கிடக்கும் பம்பரத்தின் தலையில் ஆணி இறங்குமாறு குறி வைப்பதிலும் இருந்த அதே தேர்ச்சிதான் இது. ஜப்பானிலும் பேபிளேடுக்கு முன்னோடி ஒரு நாட்டுப் பம்பரம்தான்: பேகோமா என்ற சின்ன வார்ப்புப் பம்பரம். பீப்பாயின் மேல் துணியைக் கட்டி, அதில் மோத விட்டு, எதிரியின் பம்பரத்தை வெளியே தள்ளுவார்கள்.

உங்கள் மகனின் பம்பரத்துக்கு வருவோம். பேபிளேடின் போலிகள் இந்தியாவெங்கும் திருவிழாக் கடைகளிலும் சின்னக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றில் உலோகம் ஒரே சீராக வார்க்கப்படாமல் ஒரு பக்கம் கனக்கும். தனியாகச் சுற்றிவிட்டுப் பாருங்கள். விட்ட உடனே ஆடி நடுங்கினால் சமநிலை இல்லை என்று பொருள். பாகங்களைப் பிடித்து வைக்கும் பூட்டும் தளர்வாக இருக்கும். உங்கள் மகனின் பம்பரம் நொடியில் சிதறுவது இதனாலும் இருக்கலாம். ஒரிஜினலாக இருந்தாலும் பூட்டின் பல் தேய்ந்துபோனால் இப்படிச் சிதறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோற்பது பெரிய விஷயமல்ல. உடைந்த சில்லு கண்ணில் தெறிப்பதும், உரிந்த வர்ணம் குழந்தையின் வாய்க்குப் போவதும்தான் என்னை வருத்துகின்றன.

அதற்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே தர எண்ணும் (மின்சாரம் இல்லாத பொம்மைக்கு ஐ.எஸ். 9873), கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம், செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. சிங்கப்பூரில் விற்க வந்த பெட்டியில் இந்த முத்திரை இருக்காது. அதனாலேயே எதிர்வீட்டுப் பம்பரம் போலி ஆகிவிடாது.

வாங்கும்போது மூன்று வீட்டாரும் கலந்து பேசி, எல்லோரும் ஒரே வகைக்கு வந்துவிடுங்கள். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது எக்ஸ்தான். ஸ்டேடியம் மூன்று பேருக்கும் ஒன்று போதும். மூடி உள்ள ஸ்டேடியமாகவே வாங்குங்கள். முகத்தை அதன்மேல் கவிழ்த்துப் பார்க்க விடாதீர்கள். கடற்கரைக்கு எடுத்துப் போக வேண்டாம். மணல் ஏறினால் தண்டவாளத்தின் பல்லும் லாஞ்சரின் பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மரப் பம்பரத்தையும் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், ஆனால் பேபிளேடுக்கு மாற்றாக அல்ல. அதற்குத் தனித் தேர்ச்சி வேண்டும்; சாட்டை சுற்றத் தாத்தாவே கற்றுத் தரட்டும். பேபிளேடு என்று வந்தால் என் தீர்ப்பு இதுதான்: எக்ஸ் வகையில் ஹாஸ்ப்ரோவும் டக்காரா டோமியும் சமம். நம் ஊர்க் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எது கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.