கார்பனின் நான்கு கரங்கள்

'கதவு' என்னும் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளை இடம் மாற்றினால் 'தகவு' ஆகிறது. எழுத்து கூடவுமில்லை; குறையவுமில்லை. அடுக்கு மாறியது, பொருளும் மாறியது. மொழியில் நாம் காணும் இவ்வுண்மை வேதியியலுக்கும் பொருந்தும். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், கரிம வேதியியல் என்றதும் அஞ்சி, வாய்பாடுகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகின்றனர். மூலக்கூறின் அமைப்பை மனக்கண்ணால் கண்டவர்க்கு அவ்வச்சம் இராது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த ஹைட்ரோகார்பன்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

சகப்பிணைப்பு

கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான்கள் உள்ளன. நிறைவு பெற 8 வேண்டும். நான்கை இழப்பதும் அரிது. நான்கைப் புதிதாகப் பெறுவதும் அரிது. ஆதலின் அது பகிர்ந்துகொள்கிறது. இரண்டு அணுக்கள் ஒவ்வோர் எலக்ட்ரானை ஈந்து, அவ்விணையை இரண்டுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதே சகப்பிணைப்பு. இக்கருத்தை 1916இல் அமெரிக்க அறிஞர் கில்பர்ட் லூயிஸ் வெளியிட்டார். கார்பன் இவ்வாறு நான்கு பிணைப்புகளை ஏற்படுத்துவதால் அதற்கு நான்கு கரங்கள் என்கிறோம்.

மீத்தேனின் வடிவம்

சாண எரிவாயுவின் முதன்மைக் கூறு மீத்தேன். ஒரு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும் கொண்டது. தாளில் இதனைச் சிலுவைக் குறிபோல வரைகிறோம். ஆயின் மூலக்கூறு தட்டையானதன்று. எலக்ட்ரான் இணைகள் ஒன்றையொன்று விலக்குவதால், நான்கு கரங்களும் இயன்ற மட்டும் விலகி 109.5 பாகைக் கோணத்தில் நிற்கின்றன. இதுவே நான்முகி வடிவம். நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்பதுபோல, இவ்வடிவத்தை எப்படி வைத்தாலும் மூன்று கரங்கள் தரையில் ஊன்ற, ஒன்று மேல்நோக்கி நிற்கும். கார்பனின் இந்நான்முகி அமைப்பை 1874இல் வான்ட் ஹாஃப், லெ பெல் ஆகிய இருவரும் தனித்தனியே எடுத்துரைத்தனர்.

ஒன்று, இரண்டு, மூன்று

ஈத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் ஆகிய மூன்றிலும் இரண்டிரண்டு கார்பன்களே உள்ளன. ஈத்தேனில் அவை ஒரு கரத்தாலும், எத்திலீனில் இரு கரங்களாலும், அசிட்டிலீனில் மூன்று கரங்களாலும் பற்றிக்கொள்கின்றன. எஞ்சிய கரங்களில் முறையே 6, 4, 2 ஹைட்ரஜன்கள். கரங்கள் கூடுந்தோறும் கார்பன்கள் நெருங்குகின்றன: இடைவெளி 154, 134, 120 பிக்கோமீட்டர். வடிவமும் மாறுகிறது. எத்திலீன் தட்டையானது; அசிட்டிலீன் நேர்கோடு.

இங்கே மாணவர்க்கு ஓர் ஐயம் எழும். இருகரப் பிடி வலியதன்றோ? பின் ஏன் ஈத்தேனைவிட எத்திலீன் எளிதில் வினைபுரிகிறது? ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் தேவை. இரட்டைப் பிணைப்புக்கு 700 அன்று. ஏறத்தாழ 610 மட்டுமே. ஆகவே இரண்டாவது பிணைப்பின் வலிமை 260 அளவினதே. நேருக்கு நேராக அமையும் முதற்பிணைப்பு சிக்மா. பக்கவாட்டில் அமையும் இரண்டாவது பிணைப்பு பை. வினையில் முறிவது தளர்ந்த பை பிணைப்பு, சிக்மா நிலைத்திருக்கும். எத்திலீன் புரோமின் நீரை நிறமிழக்கச் செய்வதும், ஆயிரக்கணக்கான எத்திலீன்கள் கைகோத்துப் பாலித்தீன் ஆவதும் இதனாலேயே.

மீண்டும் கதவும் தகவும்

நான்கு கார்பனும் பத்து ஹைட்ரஜனும் கொண்ட சேர்மங்கள் இரண்டு. கார்பன்கள் ஒரே தொடராக நின்றால் பியூட்டேன். மூன்று தொடராகி, நான்காவது நடுக்கார்பனில் கிளைத்தால் ஐசோபியூட்டேன். முன்னதன் கொதிநிலை −0.5 பாகை செல்சியஸ். பின்னதற்கு ஏறத்தாழ −12. நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று மிகுதியாகத் தழுவி நிற்பதால் அவற்றைப் பிரிக்கக் கூடுதல் வெப்பம் வேண்டும். இத்தகையவற்றை மாற்றியங்கள் என்பர்.

நம் கடமை

கிரேக்க நூல்களைப் பாக்தாத் அறிஞர்கள் அரபியில் பெயர்த்தனர். அரபு நூல்கள் பின்னர் இலத்தீனுக்குச் சென்றன. 'கெமிஸ்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'அல்கீமியா' என்னும் அரபுச் சொல்வழி வந்ததே. மொழி கடந்தே அறிவு வளர்ந்தது. தமிழிலும் அது வளரும். பிணைப்பு, இணை, கோணம் ஆகிய சொற்கள் நம் பிள்ளைகள் அறிந்தவையே. நான்கு ஈர்க்குச்சிகளும் சிறிது களிமண்ணும் இருந்தால் மீத்தேனைக் கையிலேயே காட்டலாம். ஆசிரியர் அதனைச் செய்து காட்டுக. மாணவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்குக. தமிழில் பயின்றவன் அறிவியலில் பின்தங்குவான் என்று எண்ணும் பெற்றோரும் பெரியோரும் ஒருநாள் அவ்வகுப்பில் வந்து அமர்க.