வலியும் அதன் நினைவும்: மெய்நிகர் கண்ணாடி எப்படி உதவுகிறது?

பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்றாலே சிலருக்கு முகம் மாறிவிடும். “போன தடவை பட்டதே போதும்” என்பார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, முழங்காலுக்கு உடற்பயிற்சி சிகிச்சை, பெருங்குடல் பரிசோதனை என்று எதுவானாலும் இதே பதில்தான். வீட்டில் உள்ளவர்கள் இதை வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால், பட்ட வலியின் நினைவுதான் அவர்களைத் தடுக்கிறது. அந்த நினைவால் சிகிச்சை தள்ளிப்போகிறது; நோய் காத்திருப்பதில்லை.

வலியையும் அதன் நினைவையும் ஓரளவு குறைக்க, சில மருத்துவமனைகள் மெய்நிகர் கண்ணாடியைப் பயன்படுத்துகின்றன. கண்களை முழுவதும் மூடும் ஒரு கருவி அது. அணிந்துகொண்டால் சிகிச்சை அறை மறைந்து, கடற்கரையோ காடோ சுற்றிலும் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும்.

கவனம் எங்கே, வலி அங்கே

குழந்தைக்கு ஊசி போடும்போது, “அதோ பார், காக்கா!” என்று தாய் கைகாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி போட்டாகிவிடும். மெய்நிகர் கண்ணாடி செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான். நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதில் பெரும்பகுதியைக் காட்சி எடுத்துக்கொண்டால், வலிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தீக்காயம் பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தீப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றும்போது ஏற்படும் வலி, கடுமையான வலிநிவாரணி கொடுத்தாலும் முழுதாக அடங்காது. அத்தகைய நோயாளிகளுக்காக ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற பனி உலகத்தை உருவாக்கினார்கள். நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்து எறிவார். நெருப்பில் வெந்தவருக்குப் பனியைக் காட்டியது நல்ல யோசனைதான். 2004இல் வெளிவந்த மூளைப் படங்களில், கண்ணாடி அணிந்திருந்தபோது வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது தெரிந்தது. ஆகவே, வலி குறைந்தது என்று அவர்கள் சொன்னது வெறும் பேச்சில்லை.

எந்தக் காட்சி என்பதும் முக்கியம். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில், பல் பிடுங்கவும் அடைக்கவும் வந்தவர்களில் சிலர் மெய்நிகர் கடற்கரையில் நடந்தார்கள். சிலர் மெய்நிகர் நகரத் தெருக்களில் நடந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். கடற்கரையில் நடந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. பின்னர் நினைத்துப் பார்த்தபோதும் அவர்களுக்கு அது குறைவாகவே தெரிந்தது. நகரத் தெரு அப்படி உதவவில்லை.

நினைவில் நிற்பது எது?

வலியை நம் மனம் கடிகாரம் பார்த்துக் கணக்கெடுப்பதில்லை. கனடாவில் டொனல்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும் டேனியல் கானமன் என்ற உளவியல் அறிஞரும், பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் பரிசோதனையின்போது நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியின் அளவைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். 1996இல் வெளிவந்த முடிவு பலருக்கு வியப்பாக இருந்தது. பரிசோதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பது நினைவில் அதிகம் நிற்கவில்லை. மிக அதிகமாக வலித்த கணமும் கடைசிச் சில நிமிடங்களுமே நின்றன.

பிறகு 682 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிப் பேருக்குப் பரிசோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியைச் சிறிது நேரம் அசைக்காமல் உள்ளேயே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நேரம் கூடியது. ஆனால் முடிவு இதமாக இருந்ததால், பட்ட வலியைக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள்.

இதை நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். உடற்பயிற்சி சிகிச்சையில் கடினமான பயிற்சியை நடுவில் வைத்து, எளிதானதைக் கடைசியில் செய்யலாமா என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பல் சிகிச்சை முடிந்ததும் அவசரமாக எழாமல், நாற்காலியிலேயே இரண்டு நிமிடம் சாய்ந்திருங்கள்.

கண்ணாடி அணியுமுன்

உட்கார்ந்தோ படுத்தோதான் அணியவேண்டும். நின்றுகொண்டு அணிந்தால் விழ நேரிடலாம். தலைசுற்றல், வலிப்பு நோய், அண்மையில் நடந்த கண் அறுவை, இதயத்துக்குப் பொருத்திய பேஸ்மேக்கர், காது கேட்கும் கருவி இவற்றில் ஏதாவது இருந்தால் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குமட்டல் வந்தால் உடனே கழற்றிவிடலாம், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மறதி நோய் உள்ளவருக்குத் திடீரென மாறும் காட்சி குழப்பத்தைத் தரக்கூடும் என்பதால், பழகிய ஒருவர் கையைப் பிடித்தபடி அருகில் இருப்பது நல்லது.

கண்ணாடி போட்டால் ஞாபகசக்தி கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் ஒன்று: கவனம் கடற்கரையில் இருக்கும்போது மருத்துவர் சொல்லும் அறிவுரை மனத்தில் பதியாது. மருந்து எப்போது சாப்பிடுவது, புண்ணில் தண்ணீர் படலாமா என்பதையெல்லாம் கண்ணாடியைக் கழற்றிய பிறகு கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கொடுத்த வலிநிவாரணிக்கு இது துணைதான், மாற்றாகாது. காரணம் தெரியாத வலியை எந்தக் காட்சியாலும் மறக்கப் பார்க்காதீர்கள். சிங்கப்பூரில் திடீர் நெஞ்சுவலி வந்தால் 995ஐ அழையுங்கள்.

இந்தக் கண்ணாடி எல்லா இடத்திலும் கிடைக்காது. இல்லாவிட்டால், பிடித்த பழைய பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லலாம். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசச் சொல்லலாம். மலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்து, பெருங்குடல் பரிசோதனைக்கு வரச் சொல்லியும் போகாமல் இருப்பவர்கள், அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, “முன்பு மிகவும் வலித்தது, இந்தத் தடவை வலி தெரியாமல் செய்ய என்ன வழி?” என்று கேளுங்கள். உறக்கம் தரும் மருந்து உட்பட பல வழிகள் இருக்கின்றன.