வேப்பங்கொட்டையை நம்பி இறங்கும் பிள்ளைகளுக்கு

விஷ மருந்தை விட்டுவிட்டு, செடிகொடிகளைக் கொண்டே பூச்சியையும் கொசுவையும் அடக்கப் பார்க்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறீர்கள். மனம் நிறைகிறது. முதல் போகத்திலேயே சலித்துப்போய்த் திரும்பிவிடக் கூடாதே என்றுதான் இவற்றைச் சொல்கிறேன்.

1. ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள். சதையைக் கழுவி, நிழலில் காயவைத்து, காற்றுப் போகும் சாக்கில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சாணம் பிடிக்கும். மருந்தும் கெடும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சும் சேரும். மூன்று மாதம் கழித்து எடுத்து, பத்து மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பூச்சியை அடக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் வேப்பிலையைவிடப் பருப்பில்தான் அதிகம். வெறும் இலையைக் காய்ச்சி அடித்துவிட்டு வேம்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

2. பத்து லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். பால்போல வெளுத்து வரும்வரை பிழிந்து வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் போதும். வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துபோகும்; அதனால் வெயில் தாழ்ந்த பிறகே அடியுங்கள். மிச்சத்தை எடுத்து வைக்காதீர்கள்.

3. வேப்ப மருந்தைக் கடையில் வாங்குவதானால் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் என்பதையும் தயாரித்த தேதியையும் பாருங்கள்.

4. அடித்த மறுநாள் புழு செத்து விழவில்லையே என்று பதறாதீர்கள். வேம்பு வேலை செய்யும் விதமே வேறு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரம் மட்டும் தப்பி நின்றதை ஷ்முட்டெரர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் கண்டார். வேம்பு பட்ட இலையைப் பல பூச்சிகள் தின்னாது. தின்ற புழுவுக்கோ தோலுரிக்கும் ஹார்மோன் குலைந்து, வளராமலே மடியும். நீங்கள் பார்க்க வேண்டியது புதுக் கடிவாயை: நான்கு நாள் கழித்துக் குருத்தைப் புரட்டுங்கள், கடி குறைந்திருந்தால் மருந்து பிடித்திருக்கிறது. இது சின்னப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். பெருத்த புழுவைக் கையால் பொறுக்குங்கள். நான்கு வரிசையை அடிக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், எவர் பேச்சையும் நம்பவேண்டியிருக்காது.

5. செடியில் விளைந்தது என்பதால் சாது என்று எண்ணாதீர்கள். புகையிலைக் கஷாயத்தின் நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காய்ச்சவே வேண்டாம். டெர்ரிஸ் வேரில் உள்ள ரோட்டினோன் மீன்களைக் கொல்லும். சாமந்தி இனப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரமும் மீனுக்கும் தேனீக்கும் ஆகாது. குளத்தங்கரையிலும் பூப்பூத்த வயலிலும் இவற்றை நினைக்கவே கூடாது.

6. கொசு விஷயத்தில் நிறைய ஏமாற்றம் இருக்கிறது. வாசலில் நொச்சி நட்டதனால் மட்டும் கொசு வராமல் இருக்காது. நொச்சிப் புகை விரட்டும். ஆனாலும் புகை புகைதான், கைக்குழந்தை இருக்கும் அறையில் போடாதீர்கள். சிட்ரோனெல்லா எண்ணெய் ஓரிரண்டு மணி நேரத்தில் ஆவியாகிவிடும், திரும்பத் தடவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒருநாள் தொட்டியைக் கவிழ்த்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். குடிதண்ணீர் டிரம்மில் வேப்பெண்ணெய் விடாதீர்கள். டிரம்மின் வாயைத் துணியால் கட்டி மூடுங்கள்.