சாவடி முதல் மின்னேற்று நிலையம் வரை

வாகனம் எவ்வளவு சிறந்ததாயினும், வழியில் அதற்கு ஆதரவு இல்லையெனில் பயணம் அச்சமாகிவிடும். பெட்ரோலுக்கு மாற்றாக மின்சாரத்தை நாடும் இக்காலத்தில், மின்மகிழுந்தின் எதிர்காலத்தை அது செல்லும் வழிகளே முடிவுசெய்கின்றன. கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களை முன்வைத்து அதனை விளக்குகிறது இப்பாடம்.

சத்திரங்கள் கற்பித்த பாடம்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் புதுச்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. அப்பெயரே நம் முன்னோரின் பயண முறையை நினைவூட்டுகிறது. கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்றோர்க்குச் சத்திரமும் சாவடியும் உறைவிடம் தந்தன. தண்ணீர்ப் பந்தல் தாகம் தீர்த்தது. சுமைதாங்கிக் கல் தோளுக்கு ஓய்வளித்தது. 'வழியில் இடம் உண்டு' என்னும் நம்பிக்கையே மக்களை நெடுந்தொலைவு நடக்கச் செய்தது. மின்மகிழுந்தை வாங்க எண்ணுவோர் இன்று தேடுவதும் அந்நம்பிக்கையைத்தான்.

இரு பயணங்கள்

கடலூரில் வாழும் ஒருவர் நாள்தோறும் சிதம்பரம் சென்று திரும்புவதாகக் கொள்வோம். போகவர ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு யூனிட் மின்சாரத்தில் சிறிய மின்மகிழுந்து ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் ஓடும். ஆகவே, அவருக்கு நாளொன்றுக்கு 15 யூனிட் போதும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் இணைப்பில் ஐந்தாறு மணி நேரத்தில் அதனை ஏற்றிவிடலாம். இரவில் அவர் உறங்கும்போதே மகிழுந்து மறுநாளுக்கு ஆயத்தமாகிவிடும். அவருக்குப் பொது மின்னேற்று நிலையம் பெரும்பாலும் தேவைப்படாது.

சென்னையிலிருந்து சிதம்பரம் வருவோரின் நிலை வேறு. தொலைவு 200 கிலோமீட்டருக்கும் மிகுதி. 30 யூனிட் கொள்ளும் மின்கலம் அத்தொலைவிற்குள் தீர்ந்துவிடக்கூடும். இடையில் விரைவு மின்னேற்றியொன்று இயங்கும் நிலையில் இருந்தால்தான் அவர் துணிந்து புறப்படுவார். அது பழுதுற்றிருந்தாலும் முன்னரே வந்தவர்கள் காத்திருந்தாலும் அவரது பயணத் திட்டம் குலைந்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய தெருவீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்வோர்க்கும் இதே இடர் உண்டு. வண்டி நிறுத்தவே இடமில்லாதவர் இரவில் எங்கே மின்னேற்றுவார்?

தெரியுமா?
ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் மின்சாரமே ஒரு யூனிட்.

விதையா, மரமா?

வாகனங்கள் குறைவு என்பதால் நிலையம் அமைக்க முதலீட்டாளர் தயங்குகின்றனர். நிலையங்கள் குறைவு என்பதால் வாகனம் வாங்க மக்கள் தயங்குகின்றனர். விதை முந்தியதா, மரம் முந்தியதா என்னும் இச்சிக்கலை அவிழ்க்க அரசின் கை தேவைப்படுகிறது. மின்னேற்றம் ஒரு சேவையே. அதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்னும் வழிகாட்டுதலும் அவ்வாண்டே வெளிவந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் ஏறத்தாழ 25,000 பொது நிலையங்கள் இருந்தன.

தமிழ்நாடு அரசின் 2023ஆம் ஆண்டு மின்வாகனக் கொள்கை சென்னை, கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாக வளர்க்கத் திட்டமிட்டது. பெருநகரங்களில் தொடங்குவது இயல்பே. ஆயினும், அந்நகரத்து மகிழுந்துகள் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் வரவேண்டுமானால் இடைப்பட்ட சாலைகளும் சிறுநகரங்களும் அவற்றை வரவேற்க வேண்டும். நெய்வேலியில் 1962 முதல் அனல்மின் உற்பத்தி நடைபெற்றுவருகிறது. மின்சாரத்தை வெளியே அனுப்பும் கடலூர் மாவட்டம், அதன் பயனைத் தன் சாலைகளிலும் காண விரும்புவது நியாயமே.

நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய மகிழுந்துகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்மகிழுந்துகள். 1990களில் தொடங்கிய வரிச் சலுகையும், பின்னர்ப் பரவலாக அமைந்த நிலையங்களும் அந்நிலையை உருவாக்கின. அம்மாற்றத்திற்கு முப்பது ஆண்டுகள் ஆயின என்பதும் கருதத்தக்கது.

புயல் எழுப்பும் வினா

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூரைத் தாக்கியது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல சிற்றூர்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் மின்மகிழுந்து என்ன செய்யும்? கடலோர மாவட்டத்தார் கேட்கவேண்டிய வினா இது. வெள்ளம் எட்டாத மேடையில் நிலையம் அமைத்தல், கூரையில் சூரியத் தகடு பொருத்துதல், மின்சாரத்தைச் சேமித்து வைத்தல் ஆகியவை இதற்கான விடைகள். மகிழுந்தின் மின்கலத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் வசதி சில புதிய வாகனங்களில் உண்டு. இருண்ட வீட்டின் சில விளக்குகளையும் மின்விசிறிகளையும் அதனைக்கொண்டு சில நாள்கள் இயக்கலாம்.

முன்பு சத்திரம் கட்டியவர்கள் தாம் காணாத வழிப்போக்கரையும் மனத்தில் கொண்டே அவற்றைக் கட்டினர். அவ்வுணர்வுடன் நிலையங்களை அமைத்து, பழுதின்றிப் பேணினால், புதுச்சத்திரம் என்னும் பெயர் புதுப்பொருள் பெறும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பழைய சத்திரம், சாவடி, சுமைதாங்கிக் கல் ஆகியவற்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டுக் குறிப்பெழுதுக.
2. உங்கள் ஊருக்கு ஒரு மின்னேற்று நிலையம் அமைவதாயின் எவ்விடம் ஏற்றது? காரணங்களுடன் வகுப்பில் கலந்துரையாடுக.