ககாஃபனி



சென்ற ஆண்டு ஆங்கிலச் சுவர்ப் பத்திரிகை தயாரிக்கும் பொறுப்பு எங்களுக்குக் கிடைத்தது. விழாவில் ஆறாம் வகுப்புத் தங்கைகள் சேர்ந்து பாடிய பாட்டைப் புகழ எண்ணி, ‘எ ஸ்வீட் ககாஃபனி’ என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டோம். சிம்ஃபனி என்றால் இன்னிசை. ஆகவே ஃபனி என்று முடிவதெல்லாம் இன்னிசையே என்பது எங்கள் கணக்கு!

ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர் அதைப் படித்தார்கள். ஒன்றும் பேசாமல் அகராதியை எங்கள் மேசைமீது வைத்துவிட்டுச் சென்றார்கள். பிரித்துப் பார்த்தோம். ‘காதுக்கு ஒவ்வாத கலப்படக் கூச்சல்’ என்ற பொருள் இருந்தது. அதற்குள் தங்கைகளும் யாரிடமோ பொருள் கேட்டுவிட்டு அழத் தொடங்கியிருந்தார்கள்.

இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘காகோஸ்’ என்றால் கெட்ட. ‘ஃபோனே’ என்றால் குரல் அல்லது ஓசை. டெலிஃபோனிலும் மைக்ரோஃபோனிலும் இருப்பது இதே ஃபோனேதான். சிம்ஃபனியின் முன்பகுதிக்குச் ‘சேர்ந்து’ என்று பொருள். யூஃபனியில் வரும் ‘யூ’ நல்லதைக் குறிக்கும். நாங்களோ பின்பாதியை மட்டும் பார்த்து ஏமாந்தோம். (காகத்துக்கும் காகோஸுக்கும் உறவில்லை. ஆனால் நினைவில் வைக்கக் காகம் நன்றாக உதவுகிறது.)

உரத்த ஓசையெல்லாம் ககாஃபனி ஆகாது. ஓயாத ஓர் இயந்திர இரைச்சலுக்கு ‘டின்’ என்ற சொல் போதும். பல ஓசைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மோதினால்தான் ககாஃபனி. பேருந்து நிலையத்தில் நின்றால் ‘எ ககாஃபனி ஆஃப் ஹார்ன்ஸ்’ கேட்கலாம். மேனாட்டு இசைக்குழுவில் ஆளுக்கொரு பக்கம் வாசித்துப் பார்க்கும்போது எழுவதும் ககாஃபனியே. ஓபோ என்னும் குழல் ஒரு சுரம் கொடுக்க, எல்லாரும் அதற்கு இசைந்து சுருதி சேர்த்தபின் அதே கருவிகளிலிருந்து சிம்ஃபனி பிறக்கிறது. பெயரடை வேண்டுமானால் ‘ககாஃபனஸ்’ என்க. இரண்டாம் அசையை அழுத்தி உச்சரிக்க வேண்டும். நாங்கள் முதலசையை அழுத்தி, அதிலும் தவறினோம்.

கவிஞர்கள் வேண்டுமென்றே கரடுமுரடான ஓசையை ஆள்வதும் உண்டு. 1871இல் லூயிஸ் கரோல் வெளியிட்ட நூலிலுள்ள ‘ஜாபர்வாக்கி’ பாடலை இதற்குச் சான்றாகக் காட்டுவர். நம் தொல்காப்பியரும் வல்லெழுத்து மிகுந்து வருவதை வல்லிசை வண்ணம் என்று தனியே பெயரிட்டார். அதை அவர் குறையென்று தள்ளவில்லை.

இதையெல்லாம் தங்கைகளிடம் போய் விளக்கினோம். மன்னிப்பும் கேட்டோம். பொறுமையாகக் கேட்ட ஒரு சிறுமி, “அக்கா, எங்க பாட்டு நல்லா இருந்துதா, இல்லையா?” என்றாள்.

“ரொம்ப நல்லா இருந்துது” என்று தமிழிலேயே சொன்னோம்.