குற்றவியல் கற்க விரும்பும் மருமகளுக்கு

கட்டுக்கலை,
கண்டி.

சிரஞ்சீவி மருமகளுக்கு,

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு, சட்டத்தை விட்டுக் குற்றவியல் கற்கப் போவதாக நீ அறிவித்ததில் உன் தாயார் கலங்கியிருக்கிறாள். துப்பறியும் நாடகங்கள் தந்த மயக்கம் என்று அவள் நினைக்கிறாள் போலும். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் அபிப்பிராயம் வேறு.

நம் நகரின் நடுவே 1876இல் கட்டப்பெற்ற பொகம்பரைச் சிறைச்சாலையை 2014இன் தொடக்கத்தில் மூடிவிட்டுக் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோனார்கள். மதில் இடம் மாறியது. அதற்குள் யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்னும் வினா அப்படியே இருக்கிறது. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றிக் கூறியிருந்தும், தோட்டப்புறத்திலிருந்து அற்பக் குற்றச்சாட்டொன்றில் கொண்டுவரப்பட்ட வாலிபன், தனக்காகக் கையொப்பமிடத் தகுந்த பிணையாளி கிடையாத ஒரே காரணத்தினால், பிணைக் கட்டளை கிடைத்த பின்பும் விளக்கமறியலிலேயே கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். அவனுடைய தாய், கிராம உத்தியோகத்தர் கொடுத்த சான்றிதழைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அதை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் தாழ்வாரத்தில் நிற்பாள். சட்டநூலை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விளக்கம் அகப்படாது. வறுமையும் லயன் வாழ்க்கையும் பொலிஸ் நிர்வாகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இந்த விஷயத்தை ஆராய்வதற்கு உரிய சாஸ்திரத்தைத்தான் நீ தெரிந்தெடுத்திருக்கிறாய். தண்டனையின் கொடூரத்தைவிட அதன் நிச்சயத்தன்மையே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியரான பெக்காரியா 1764இல் வாதித்த காலந்தொட்டு வளர்ந்துவரும் விசாரணை அது.

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்றவியல் நீதியும் சிறப்புப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றன. பேராதனையிலோ, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரத்தில், கலைப்பீடத்தில் சமூகவியலும் சட்டமும் உள்ளன. ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்: குற்றவியல் பட்டம் உன்னைச் சட்டத்தரணி ஆக்காது, அதற்குச் சட்டக்கல்லூரிப் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். நன்னடத்தைச் சேவையோ, சிறைச்சாலைத் திணைக்களமோ, ஆராய்ச்சியோ உன் நாட்டமாயின் ஜயவர்தனபுரம் தகும். வழக்குரைக்கும் ஆசை சிறிதளவேனும் மனத்தில் இருக்குமாயின், விடுதி வாழ்க்கையின் கவர்ச்சியை மறந்து, பேராதனைச் சட்டத்துறையையே முதலில் எழுது. எதைக் கற்றாலும் புள்ளிவிபரவியலை அலட்சியம் செய்யாதே. கலைப்பிரிவு மாணவருக்கு அதில் ஒரு வெறுப்பு உண்டு, அது வீண் வெறுப்பு.

சிங்களத்தில் உன் சிரத்தை போதாது என்பது என் கவலை. வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கு வெளியே வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் தமிழருக்கு அளித்திருப்பது மெய்யே. ஆயினும் பொலிஸ் நிலையத்தில் முதன்முதல் எழுதப்படும் வாக்குமூலத்தின்கீழ், தன் வாயிலிருந்து வந்தது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசித்தறிய இயலாதவனாகப் பெருவிரலைப் பதிக்கும் தொழிலாளிக்கு, பிற்காலத்தில் மன்றில் நிற்கும் மொழிபெயர்ப்பாளன் செய்யக்கூடிய உதவி மிகச் சொற்பம். அந்த ஏட்டையும் அவனுடைய பேச்சையும் ஒருங்கே விளங்கிக்கொள்ளும் பட்டதாரிகள் இப்பகுதிக்குத் தேவை. ஆகவே பல்கலைக்கழகம் தொடங்கும் வரையுள்ள மாதங்களைச் சிங்கள வாசிப்பில் செலவிடு. தினமும் ஒரு சிங்களப் பத்திரிகையின் நீதிமன்றச் செய்தியை வாசித்தாலே போதும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை உன் தாயாரோடு உட்கார்ந்து வாசி. விருப்ப வரிசையை நிரப்புமுன் அதன் பிரதியொன்றை எனக்கு அனுப்பு. அவளிடம் நான் பேசுகிறேன்.

அன்புள்ள,
மாமா.