கசியாமல் திறக்கும் கதவு

சென்ற வருட டிசம்பர் விடுமுறையில் வாப்பாவின் கடையிலிருந்த பிரிண்டர் ஒன்றைப் பழுதாக்கியவள் நான். இக்கட்டுரை அந்தப் பழுதிலிருந்துதான் பிறந்தது.

எங்கள் ஊர்ச் சந்தியில் வாப்பா ஒரு சிறிய கொமினிகேஷன் நடத்துகிறார். போட்டோக் கொப்பி, டைப்செட்டிங், கலர் பிரிண்ட் என்று அன்றாடம் ஆட்கள் வருவார்கள். அன்று வாப்பா வெளியே சென்றிருந்தார். கடையில் நான் மட்டும் இருந்தேன். பிரிண்டரில் சிவப்பு மை முடிந்துவிட்டதாகக் கணினித் திரை காட்டியது. நான் அந்தக் கார்ட்ரிஜைக் கழற்றினேன். புதியதைத் தேடினால் கடையில் அந்த நிறம் இல்லை. நாளை வாங்கலாம் என்று பழையதைக் குப்பையில் போட்டேன். மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கார்ட்ரிஜ் இருந்த இடம் இரவு முழுக்க வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் காலை வாப்பா புதிய கார்ட்ரிஜைப் போட்டார். சிவப்பு வரவில்லை. நான்கு முறை 'கிளீனிங்' கொடுத்தும் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகளே விழுந்தன. அன்று மாலை நடக்கவிருந்த கலைவிழாவுக்காக நாற்பது சின்னஞ்சிறுசுகளின் சான்றிதழ்களை எடுக்க ஒரு முன்பள்ளி ஆசிரியை வந்து காத்திருந்தார். கடைசியில் அவர் பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனார். பிரிண்டர் திருத்துபவர் வந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பழசக் கழட்டி வெச்சிட்டு அப்படியே போயிட்டீங்களா மகள்? ஹெட்டுக்குள்ள காத்து போயிட்டு. வாயில மையும் காஞ்சிட்டு."

புதிய ஹெட்டின் விலை பிரிண்டரின் விலையில் பாதிக்கு மேல். வாப்பா ஏசவில்லை. "ஏன் பழுதானது எண்டு படிச்சுச் சொல்லுங்க, அது போதும்" என்றார். படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரு துளி மையும் ஒரு துளி வளியும்

இன்க்ஜெட் பிரிண்டரின் இதயம் அதன் அச்சுத்தலை. திருத்துபவர்கள் 'ஹெட்' என்பது இதைத்தான். அதில் வரிசை வரிசையாக நுண்துளைகள் இருக்கின்றன. ஒரு துளையின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர். நமது தலைமயிரின் தடிப்பை விடவும் குறைவு. அதிலிருந்து பாயும் துளியின் கனவளவைப் பிக்கோலீற்றரில்தான் அளக்கிறார்கள். ஒரு லீற்றரை இலட்சம் கோடி பங்குகளாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோலீற்றர்.

மையை வெளியே தள்ள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மிகச் சிறிய வெப்பமாக்கி ஒன்று மையைக் கணப்பொழுதில் கொதிக்க வைக்க, உண்டாகும் ஆவிக்குமிழி மையைத் தள்ளுவது. மற்றது, மின்னழுத்தம் கொடுத்ததும் வளைகின்ற பளிங்கு ஒன்று மையை நெருக்குவது. எந்த வழியானாலும் உள்ளே மை மட்டுமே இருக்க வேண்டும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது. ஆகவே தள்ளியது அப்படியே துளைக்குப் போய்ச் சேரும். வளியோ அமுங்கும். ஒரு குமிழி இடையில் புகுந்தால், தள்ளிய விசையை அது தானே விழுங்கிவிடும். துளி வெளியே வராது. என் வெள்ளைக் கோடுகளுக்கு ஒரு காரணம் இது.

இன்னொரு விடயமும் உண்டு. துளைகள் கீழ்நோக்கித் திறந்திருக்கின்றன. அப்படியானால் மை ஏன் ஒழுகுவதில்லை? இளனி குடிக்கும் ஸ்ட்ரோவின் மேல்வாயை விரலால் பொத்தித் தூக்கிப் பாருங்கள். உள்ளே உள்ள இளனி விழாது. விரலை எடுத்தால் விழுந்துவிடும். பிரிண்டரிலும் உள்ளே இருக்கும் மையின் அமுக்கத்தை, வெளியே உள்ள வளிமண்டல அமுக்கத்தை விடச் சில சென்ரிமீற்றர் நீர்நிரல் அளவு குறைவாக வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறிய குறைவுதான் மையைப் பிடித்து வைத்திருக்கிறது.

அமுக்கக் குறைவு கூடிப்போனால் துளை வழியாக வளி உள்ளே இழுக்கப்படாதா? அதைத் தடுப்பது பரப்பிழுவை. உயர்தரப் பௌதிகவியலில் நாம் செய்யும் கணக்கையே இங்கும் செய்யலாம். மையின் பரப்பிழுவை மீற்றருக்கு ஏறத்தாழ 0.03 நியூற்றன். துளையின் ஆரை 10 மைக்ரோமீற்றர். பரப்பிழுவையின் இருமடங்கை ஆரையால் வகுத்தால் 6000 பஸ்கால் வருகிறது. அதாவது ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் நீர்நிரல். துளையின் வாயிலுள்ள மெல்லிய பிறையுரு இவ்வளவு அமுக்க வேறுபாட்டைத் தாங்கும்.

ஆகவே துளைகளின் பக்கம் பாதுகாப்பாகவே இருக்கிறது. ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது: கார்ட்ரிஜும் ஹெட்டும் சந்திக்கும் இணைப்பில். அங்கே ஊசிமுனையளவு கசிவு இருந்தாலும் ஸ்ட்ரோவிலிருந்து விரலை எடுத்தது போலாகிவிடும்.

இணைப்பு ஏன் வந்தது?

1977ஆம் ஆண்டு ஜப்பானின் கெனன் நிறுவன ஆய்வுகூடத்தில், மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான பற்றாசுக் கோல் ஒன்று தற்செயலாகப் பட்டது. ஊசிமுனையிலிருந்து மை சீறிப் பாய்ந்தது. வெப்பத்தால் மையைத் தள்ளலாம் என்ற எண்ணம் அங்கே அப்படித்தான் பிறந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் எச்பி நிறுவனத்தினரும் தனியே இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

1984இல் எச்பி வெளியிட்ட 'திங்க்ஜெட்' பிரிண்டரில் மையும் ஹெட்டும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. மை முடிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வீண்செலவு போலத் தோன்றினாலும் இதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. கழற்றிப் பூட்ட மை இணைப்பே இல்லை. மின் இணைப்பு மட்டும்தான். இல்லாத இணைப்பு கசியாது!

ஆனால் ஹெட் விலை உயர்ந்தது. மை முடிந்த பிறகும் அது நல்ல நிலையில் இருக்கும். ஹெட்டைப் பிரிண்டரிலேயே வைத்துக்கொண்டு மையை மட்டும் மாற்றினால் செலவு குறையும். அந்தச் சேமிப்பின் விலையாக வந்ததுதான் மை இணைப்பு. பூட்டும்போது திறக்க வேண்டும். கழற்றும்போது மூட வேண்டும். எப்போதும் கசியக் கூடாது. இப்படியொரு கதவைத்தான் பொறியியலாளர்கள் தேடினார்கள்.

உம்மும்மாவின் இன்சுலின் குப்பி

அந்தக் கதவின் ஒரு வடிவம் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதை நான் பிறகுதான் கவனித்தேன். உம்மும்மாவுக்குத் தினமும் இன்சுலின் ஏற்றுவது என் பொறுப்பு. குப்பியின் வாயில் ஓர் இறப்பர் மூடி இருக்கிறது. ஊசியைக் குத்தினால் இறப்பர் ஊசியைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே இழுத்தால் துளை தானாக மூடிக்கொள்கிறது.

மருந்தை எடுக்கும் முன் அதே அளவு வளியைக் குப்பிக்குள் செலுத்த வேண்டும் என்று தாதி சொல்லித் தந்திருந்தார். காரணம் கேட்காமலேயே செய்து வந்தேன். இப்போது விளங்குகிறது. மருந்து வெளியேறிய இடத்தை வளி நிரப்பாவிட்டால் உள்ளே அமுக்கம் குறைந்து, அடுத்த முறை மருந்தை இழுப்பது கடினமாகிவிடும். கார்ட்ரிஜின் மேற்புறத்தில் நுண்ணிய வளித்துவாரம் ஒன்று வைப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் இன்சுலின் குப்பியின் மூடியை அப்படியே பிரிண்டருக்கு வைக்க முடியாது. சிரிஞ்சின் ஊசி மெல்லியது, கூரியது. மை ஓடுவதற்குத் தடித்த ஊசி வேண்டும். தடித்த ஊசியைக் குத்தினால் இறப்பரில் சிறு துண்டு வெட்டுப்பட்டு மையோடு போய்த் துளைகளை அடைக்கலாம். கூரிய ஊசி பாவிப்பவரின் விரலையும் காயப்படுத்தும். மேலும் சிரிஞ்சின் ஊசி சில வினாடிகளே உள்ளே இருக்கும். பிரிண்டரின் ஊசி மாதக் கணக்கில் இருக்கும். கொப்பிக் கட்டில் பல மாதம் போட்டு வைத்த இறப்பர் வளையம் கழற்றிய பின்னும் பழைய நிலைக்குச் சுருங்குவதில்லை அல்லவா? அதே போல ஊசியின் வடிவத்துக்குப் பழகிய இறப்பரும் மூட மறந்துவிடும்.

பிளவும் ஊசியும் சுருள்வில்லும்

இச்சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட விடைகள் பல. முக்கியமானவை இவை.

முதலாவது, மென்தகடும் வளையமும். கார்ட்ரிஜின் வாய் ஒரு மெல்லிய தகட்டால் ஒட்டப்பட்டிருக்கும். பூட்டும்போது பிரிண்டரின் ஊசி அதைக் கிழிக்க, உள்ளிருக்கும் இறப்பர் வளையம் ஊசியை இறுக்கிப் பிடிக்கும். இதற்கு உறவான வட்ட இறப்பர் வளையத்துக்கு நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் 1939இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றார். வீட்டுத் தண்ணீர்க் குழாயிலும் இத்தகைய வளையத்தைக் காணலாம். தகடு ஒருமுறைதான் கிழியும் என்பது இம்முறையின் குறை. பாதியில் கழற்றினால் வாயை மூட வேறொன்று வேண்டும்.

இரண்டாவது, முன்கூட்டியே பிளந்த இறப்பர். குத்தித் துளைக்க விடாமல், தயாரிக்கும்போதே இறப்பரில் ஒரு பிளவை வெட்டி வைத்துவிடுகிறார்கள். சுற்றியுள்ள மூடி இறப்பரைப் பக்கவாட்டில் நெருக்குவதால் பிளவின் உதடுகள் ஒட்டியே இருக்கும். ஊசியின் முனை மழுங்கலாகவும் மூடியதாகவும் இருக்க, மை செல்லும் துளை அதன் பக்கத்தில் இருக்கும். 1990களில் எச்பி நிறுவனத்தினர் இத்தகைய பிளவு இறப்பர்களுக்கு ஆக்கவுரிமைகள் பெற்றார்கள்.

மூன்றாவது, சுருள்வில். கார்ட்ரிஜின் உள்ளே வில்லால் தள்ளப்பட்ட ஓர் அடைப்பான் வாயை மூடியிருக்கும். ஊசி அதைத் தள்ளினால் திறக்கும். ஊசி விலகினால் வில் மூடிவிடும். சில பிரிண்டர்களில் ஊசிக்கும் இதே பாதுகாப்பு உண்டு. கார்ட்ரிஜ் இல்லாத வேளை, வில்லில் ஏறி இறங்கும் சிறு உறை ஒன்று ஊசியின் பக்கத்துளையை மூடி, மை காயாமலும் வளி புகாமலும் காக்கிறது. எங்கள் கடைப் பிரிண்டரில் அந்த உறை இல்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் படித்தபோது ஒரு விடயம் என் மனதில் பதிந்தது. அங்கே இறப்பரை விட முக்கியம் ஒழுங்குமுறை. பூட்டும்போது இறப்பர் ஊசியைச் சுற்றி இறுகிய பிறகே மையின் பாதை திறக்கிறது. கழற்றும்போது பாதை மூடிய பிறகே இரண்டும் பிரிகின்றன. ஒரு கணமேனும் மை வெளிக்காற்றை நேரே சந்திப்பதில்லை. நான் அன்று இந்த ஒழுங்கைத்தான் குழப்பினேன். மூடுவதற்கு ஒன்றும் இல்லாமலே திறந்தேன்.

நனைந்த துணியும் ஓர் அடைப்பு

கதவே இல்லாத இன்னொரு முறையும் உண்டு. சில கார்ட்ரிஜ்களின் உள்ளே பஞ்சு போன்ற நுரைப்பொருள் மையை உறிஞ்சி வைத்திருக்கும். ஹெட்டின் வாயில் மிக நுண்ணிய வலை இருக்கும். இரண்டும் அழுத்தித் தொட்டுக்கொண்டால் மயிர்த்துளைத் தன்மையால் மை கடந்து செல்லும். வலையின் கண்கள் மையால் நனைந்திருக்கும் வரை, முன்பு கணக்கிட்ட அதே பரப்பிழுவை குமிழிகளைத் தடுத்து நிறுத்தும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கிளாஸில் தண்ணீரை நிரப்புங்கள். நனைத்த கைக்குட்டையை வாயின் மேல் இழுத்து இறப்பர் வளையத்தால் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள். சில துளிகள் விழும், பிறகு நின்றுவிடும். ஆயிரம் ஓட்டைகள் உள்ள துணி, நனைந்தால் வளிக்கு ஒரு சுவராகிவிடுகிறது. ஆனால் காய்ந்துவிட்டால் அது வெறும் துணிதான்.

கடைச் சுவரில் ஒரு தாள்

இறப்பரைத் தெரிவு செய்வதும் ஒரு கலை. மையில் உள்ள கரைப்பான்களால் அது வீங்கக் கூடாது. வளியையும் ஊடுருவ விடக் கூடாது. இயற்கை இறப்பரை விடப் பியூட்டைல் எனும் செயற்கை இறப்பர் வளியைப் பெரிதும் தடுக்கும். வாகனச் சக்கரங்களின் உட்குழாய்கள் அதனால் செய்யப்படுவது இந்தக் காரணத்தால்தான்.

படித்தவற்றை ஒரு வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவிடம் சொன்னேன். கைக்குட்டைப் பரிசோதனையையும் செய்து காட்டினேன். உம்மும்மாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். வாப்பா இரண்டாம் முறை தானே கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதைக் கடையில எழுதி ஒட்டுங்க" என்றார்.

இப்போது பிரிண்டருக்கு மேலே என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. "புதியது கையில் இருந்தால் மட்டும் பழையதைக் கழற்றவும். புதியதன் வாயை விரலால் தொட வேண்டாம். கழற்றிய இடத்தை வெறுமையாக விட வேண்டாம்."

உங்கள் வீட்டிலும் ஒரு பிரிண்டர் இருந்தால் இந்த மூன்று வரிகளை நினைவில் வையுங்கள். அந்த முன்பள்ளி ஆசிரியை இவ்வருடமும் சான்றிதழ்களுக்காக எங்கள் கடைக்கே வந்தார். நாற்பத்திரண்டு தாள்கள். சிவப்பு நன்றாகவே விழுந்தது. ஒவ்வொன்றும் வெளியே வரும் வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

க.பொ.த. உயர்தர மாணவி,
உயிரியல் விஞ்ஞானப் பிரிவு